ஒப்பீட்டு நிலம்

சின்னராசுவின் நிலத்தில் ஈயம் இருக்கிறது என்று தெரிந்த அன்று ராமதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. காட்மியமும் இருக்கிறது என்று பிறகு தெரிந்தபோது தூக்கமும் போயிற்று. எல்லா யோகமும் அவனுக்கே அடித்தால் மனிதன் எப்படித் தூங்குவது?

இருவரும் பங்காளிகள், அண்ணன் தம்பி பிள்ளைகள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் ஈச்சம்பேடு. ஊராருக்குக் கூலி வேலை செய்துகொண்டிருந்த அவர்களுடைய தாத்தாவுக்கு அரசாங்கம் அங்கே மலையடிவாரத்தில் கொஞ்சம் மேட்டு நிலம் கொடுத்திருந்தது. அதை ஒரு வரப்பு போட்டு இரண்டாக்கி, மேற்கே சின்னராசுவும் கிழக்கே ராமதாஸும் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள். சின்னராசு வேன் ஓட்டினான். ராமதாஸுக்கு மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. வீட்டுக்குப் போக மிஞ்சும் இடத்தில் இருவரும் கீரை போட்டார்கள்.

இரண்டு நிலங்களுக்கும் வடக்கே, பொதுவாக, கசடு மேடு. ஒரு சுரங்க நிறுவனம் மலையைக் குடைந்து தாது எடுத்து, கழுவி, கழுவிய சேற்றைக் கொட்டிக் கொட்டி இன்னொரு மலையை உண்டாக்கிவிட்டு ஒருநாள் சொல்லாமல் போய்விட்டது. காற்றடித்தால் அந்த மேட்டின் கருந்தூசி இரண்டு வீட்டுச் சோற்றிலும் விழும். மழை பெய்தால் கருஞ்சேறு இரண்டு கீரைப் பாத்தியிலும் இறங்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பங்காளிகளுக்குள் தகராறே இருந்ததில்லை.

தகராறு ஆணையத்தோடு வந்தது.

மண் மாண்பு மீட்பு ஆணையத்தின் வெள்ளை வண்டி நல்ல சித்திரை வெயிலில் வந்து, நிழல் தேடி, சின்னராசுவின் புங்கமரத்தடியில் நின்றது. இறங்கியவர்கள் நிழலை விட்டு வெளியே வராமல் கைக்கெட்டிய இடத்தில் மண் எடுத்தார்கள். ராமதாஸின் நிலத்தில் மரம் இல்லை. அவனுடைய தலையெழுத்து அப்படி ஒரு நிழலில் நிர்ணயமாயிற்று.

முடிவு வந்ததும் சின்னராசுவின் நிலத்தைச் சுற்றிப் புதுக் கம்பி வேலி போட்டார்கள். வாசலில் மண்டையோடு வரைந்த எச்சரிக்கைப் பலகை ஒன்று நின்றது. பலகை தெரிவதற்காக ஒரு சூரிய மின்விளக்கு. வீட்டுக்கு ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம். கீரை போடாமல் இருப்பதற்கு மாதாமாதம் நிவாரணம். சின்னராசுவின் மனைவி பிரபாவதிக்கு ஆணையம் ‘மண் தோழி’ என்று ஒரு வேலையும், பச்சைச் சேலையும், கழுத்தில் மாட்டிக்கொள்ள அடையாள அட்டையும் கொடுத்தது. வேலை, மண் எப்படி இருக்கிறது என்று தினமும் பார்ப்பது. அவள் காலையில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இருக்கிறது என்று கைப்பேசியில் செய்தி அனுப்பினாள்.

சூரிய விளக்கின் வெளிச்சம் வரப்பைத் தாண்டி ராமதாஸின் வாசலிலும் விழுந்தது. சின்னராசு அதைக் கவனித்து, ஒரு தகரத்தை வளைத்துக் கட்டி மறைத்தான்.

ராமதாஸின் மனைவி செங்கம்மாள் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள், குடத்தை இறக்காமலே ஆரம்பித்தாள்.

“அவங்க மண்ணுல ஆறு ஒலோகம் கீதாம். பிரபாவதி அக்கா வெரல் வுட்டு எண்ணிக் காட்டுது. நம்ம மண்ணுல ஒண்ணாவது கீதாயா? நீயும் ஒரு ஆம்பளன்னு வேலைக்குப் போய்க்கினு கீற.”

“நான் இன்னாடி பண்றது? வண்டி அங்கதான நின்னுச்சு.”

“இங்க வந்து நிறுத்துங்கன்னு சொல்ல வாயில்லியா ஒனுக்கு? ஒரு மண்டையோடு போட்ட போர்டு வாங்க துப்பில்ல.”

ஆயுத பூஜைக்குச் சின்னராசு அந்த மண்டையோட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டபோது ராமதாஸ் முடிவு செய்துவிட்டான். விடுப்பு எடுத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்த ஆணைய அலுவலகத்துக்குப் போனான்.

அங்கே கள அலுவலர் தேவிப்பிரியா மிகவும் மரியாதையான பெண். நாற்காலி போட்டு உட்காரவைத்து, சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். வரப்புக்கு மேற்கே சிவப்பு. வரப்புக்குக் கிழக்கே பச்சை. சிவப்பு, வரப்பு வரை வந்து ஒழுங்காக நின்றிருந்தது.

“மேடம், மேட்டுல இருந்து வர்ற தண்ணி மொதல்ல என் நெலத்துலதான் பூருது. அப்பாலதான் அவன் நெலத்துக்குப் போவுது.”

“தண்ணி போகலாம் சார். மாசு போகாது. மாசு சர்வே நம்பர்படிதான் பரவும். பக்கத்து நம்பருக்குப் பரவணும்னா அதுக்குத் தனியா உத்தரவு போடணும்.”

“அப்ப என் மண்ணையும் ஒரு தபா பாத்துடுங்க மேடம்.”

“உங்க மண்ணு சுத்தம் சார்.”

“பாக்காமயே எப்டி மேடம்?”

தேவிப்பிரியா பொறுமையாகச் சிரித்தார். “சார், ஒரு மண்ணு கெட்டதுன்னு சொல்லணும்னா பக்கத்துல ஒரு நல்ல மண்ணு வேணும். ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அதுக்குப் பேரு ஒப்பீட்டு நிலம். இயக்குநர் சாரே உங்க நிலத்தைத் தேர்ந்தெடுத்திருக்காரு. வாழ்த்துகள்.”

“அதுக்கு இன்னா குடுப்பீங்க?”

“சுத்தமா இருக்கறதுக்கு எதுக்கு சார் நிவாரணம்?”

அடுத்த தடவை ராமதாஸ் கையோடு ஒரு பை மண் எடுத்துக்கொண்டு போனான். வாசலில் இருந்த காவலாளி அதை வாங்கிப் பார்த்துவிட்டு விளக்கினார்: ஆணையம் எடுத்தால் அது மாதிரி, பொதுமக்கள் எடுத்தால் அது வெறும் மண். வெறும் மண்ணை உள்ளே விட உத்தரவில்லை. வீணாகக் கொட்டுவானேன் என்று அலுவலக வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு ராமதாஸின் வாசலுக்கும் ஒரு பலகை வந்தது. பச்சை நிறம். ‘தூய மண். ஒப்பீட்டு நிலம். மாசுபடுத்துவது தண்டனைக்குரிய குற்றம்.’ விளக்கு இல்லை. கூடவே ஒரு அறிவுரையும் வந்தது. கசடு மேட்டின் தூசி நிலத்தில் விழாதபடி உரிமையாளர் தன் சொந்தச் செலவில் வலை கட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் உரிமையாளரே பொறுப்பு.

“இதுக்கு முன்னாடி சும்மா இருந்தோம். இப்ப குத்தவாளி ஆயிட்டோம்” என்றாள் செங்கம்மாள்.

அந்தக் கார்த்திகையில் ஆணையம் ஊரில் மருத்துவ முகாம் நடத்தியது. சின்னராசுவின் மகள் கீர்த்தனாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், ஆரஞ்சுப் பழச்சாறு கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு பொம்மையும் கிடைத்தது. ராமதாஸின் மகள் ஜெனிஃபரும் அவளும் ஒரே வகுப்பு. ஜெனிஃபர் வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து பிறந்தவள், கோவளம் மாதா கோயிலில் வேண்டிக்கொண்டு பெற்றது, அதனால்தான் அந்தப் பெயர். கொஞ்ச நாளாக அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்கிறாள், தட்டில் போட்டதைத் தொடுவதில்லை. அந்தப் பொம்மையைப் பார்த்துவிட்டு அழுத பிள்ளையைச் செங்கம்மாள் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.

தேவிப்பிரியா கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்தார்.

“பாப்பாவுக்கு டெஸ்ட் தேவையில்லம்மா. இவ ஒப்பீட்டுக் குழந்தை.”

“அப்டீன்னா?”

“நல்லா இருக்கான்னு ஏற்கெனவே பதிவு பண்ணிட்டோம். இவ நல்லா இருந்தாத்தானே அந்தப் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு நாங்க சொல்ல முடியும்?”

“வவுத்து வலின்னு அழுவுறா மேடம்.”

“ஏதாவது சாப்பிட்டிருப்பா” என்றார் தேவிப்பிரியா. அது உண்மைதான்.

கீர்த்தனாவுக்கு அதன்பின் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்தார்கள். இன்ன மருந்து என்று ராமதாஸ் கேட்டதற்குச் சின்னராசு, “சத்து மாத்திர. வி.ஐ.பி. புள்ளைங்களுக்குத் தர்றது” என்று சொல்லிவிட்டான். ராமதாஸ் அன்று கேன்டீனில் இரண்டு தட்டுகளைப் போட்டு உடைத்தான்.

டிசம்பரில் உலக மண் நாள். ஆணையம் அதை மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு பெரிய ரிசார்ட்டில் கொண்டாடியது. சின்னராசுவை அழைத்துப்போக ஏ.சி. கார் வந்தது. பிரபாவதி ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, ஊர் தாண்டும்வரை மெதுவாகப் போகச் சொன்னாள். ராமதாஸுக்குக் கைப்பேசியில் ஒரு வரிச் செய்தி: ஒப்பீட்டு மண் கொஞ்சம் தேவைப்படுகிறது, ஏதாவது ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரவும்.

அவன் மஞ்சப்பையில் மண்ணை அள்ளிக்கொண்டு, சிற்பிகளின் உளிச் சத்தம் கேட்கும் சாலையில் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது மேளதாளம் முழங்கிக்கொண்டிருந்தது. சின்னராசுவின் மண் பித்தளைக் கலசத்தில், மாவிலை தேங்காயோடு, பட்டுத்துணி விரித்த தட்டில் ஊர்வலமாகப் போயிற்று. கையுறை போட்ட அதிகாரிகள் இருபுறமும் பூத் தூவினார்கள். பின்னால் சின்னராசு சால்வையோடு நடந்தான். ராமதாஸைப் பார்த்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மஞ்சப்பையை யாரோ வாங்கி மேசைக்கு அடியில் வைத்தார்கள். மேசைக்கு மேலே தொங்கிய பதாகையில், ‘மதிய உணவு உபயம்’ என்பதற்குக் கீழே அந்தச் சுரங்க நிறுவனத்தின் பெயர் இருந்தது.

ஆணையத்தின் இயக்குநர் ஹேமந்த் எழுந்தார். நல்ல குரல்.

“நண்பர்களே! இந்த ஆணையம் தொடங்கப்பட்டபோது இந்த வட்டாரத்தில் ஒரு மாசு நிலம்கூட இல்லை. ஒன்றுகூட! எங்களுடைய அயராத உழைப்பால்தான் இன்று இத்தனை மாசு நிலங்கள் உருவாகியிருக்கின்றன.”

கைதட்டல்.

“அந்தக் கசடு மேட்டை ஏன் அகற்றவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். மேட்டை அகற்றிவிட்டால் எதைக் கண்காணிப்பது? கண்காணிக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஆணையம் எதற்கு? ஆணையமே இல்லாவிட்டால் அந்த மேட்டிலிருந்து மக்களை யார் காப்பாற்றுவது? உணர்ச்சிவசப்படாமல் சிந்திக்க வேண்டும்.”

சுரங்க நிறுவனத்தின் பிரதிநிதி எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டினார்.

பிறகு செயல்முறை விளக்கம். துப்பாக்கி போல் இருந்த ஒரு கருவியை இயக்குநர் உயர்த்திக் காட்டினார். மண்ணில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் உலோகத்தைச் சொல்லிவிடுமாம். கலசத்தில் வைத்தார். கருவி சிவந்து, வீல் என்று கத்தியது. பெரிய திரையில் ஈயம் முதலிய பெயர்கள் வரிசையாக ஏறின. சின்னராசு எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டான். பிரபாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்வரிசையில் ராமதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இப்போது, வித்தியாசத்தைப் பாருங்கள். தூய மண்!” என்று இயக்குநர் மஞ்சப்பைக்குள் கருவியை விட்டார்.

கருவி கத்தியது. இன்னும் கொஞ்சம் நீளமாகக் கத்தியது.

இயக்குநர் கருவியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி கத்தியது. திரையில் அதே பெயர்கள் ஏறி, கலசத்து மண்ணைத் தாண்டிப் போய் நின்றன. அந்த நேரத்தில் பின்வரிசை நாற்காலி மேல் ஒருவன் ஏறி நின்றான்.

“என் மண்ணுலயும் கீது! டேய் சின்னராசு, பாத்துக்கோடா, என் மண்ணுலயும் கீது!”

கல்யாணமான அன்றுகூட ராமதாஸ் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. வேலியும் விளக்கும் பச்சைச் சேலை கட்டிய செங்கம்மாளும் அவன் கண்முன்னால் வந்து போனார்கள்.

தேவிப்பிரியா மேடைக்கு ஓடி இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“நண்பர்களே, வரலாற்றுச் சிறப்புமிக்க தருணம். மாசு நிலமும் ஒப்பீட்டு நிலமும் ஒன்றுபோல இருக்கின்றன. வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் மாசு என்ற சொல்லுக்கே இடமில்லை. அப்படியானால் இது என்ன? இயற்கை! இந்த மண்ணின் பிறவிக் குணம்! உலோக வளம் கொழிக்கும் பூமி இது. ஈச்சம்பேட்டை மாசற்ற கிராமமாக இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன். ஒரே பிற்பகலில் ஒரு கிராமத்தின் மாசை முற்றிலும் ஒழித்த ஆணையம் உலகத்தில் வேறு உண்டா?”

அவை எழுந்து நின்று தட்டியது. சுரங்க நிறுவனத்தின் பிரதிநிதி இயக்குநரைக் கட்டித் தழுவினார். சாப்பாட்டுக்கு வஞ்சிரம் வறுவல் தயாராக இருப்பதாக அறிவித்தார்கள்.

ராமதாஸ் நாற்காலியிலிருந்து இறங்கினான். என்ன நடந்தது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தேவிப்பிரியா சின்னராசுவிடம் வந்து, மன்னிக்கணும் சார், அது பாதிக்கப்பட்டவங்களுக்கான சால்வை என்று சொல்லி வாங்கி மடித்துக்கொண்டார். பிரபாவதியின் அடையாள அட்டையும் கழுத்திலிருந்து இறங்கியது. காரைக் கேட்டபோது ஓட்டுநர், மாசு நிலத்துக்காரர்களை ஏற்றத்தான் தனக்கு உத்தரவு என்றார்.

ஆகவே மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். பிரபாவதி முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் வந்தாள். வேறு இடமில்லாததால் சின்னராசுவும் ராமதாஸும் ஒரே இருக்கையில் உட்கார வேண்டியதாயிற்று.

“வவுறு குளுந்துச்சாடா?” என்றான் சின்னராசு.

“குளுந்துச்சு.”

அது பூஞ்சேரி நிறுத்தம் வரைக்கும் உண்மையாக இருந்தது. கூட்டுச்சாலையில் பஸ் திரும்பும்போது சின்னராசு சட்டென்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். ராமதாஸ் பதறிப்போனான்.

“இன்னா அண்ணாத்த? ஒரு போர்டு போச்சுன்னா அழுவுற?”

“போர்டு போனா மயிராச்சு. புள்ளைக்கு மருந்து குடுத்துக்கினு இருந்தாங்க. இனிமே அந்த ஆபீஸ்காரங்க குடுப்பாங்களா?”

“சத்து மாத்திரன்னு சொன்ன?”

சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “ரத்தத்துல ஈயம் கீதுன்னாங்கடா, அம்பத்திரெண்டாம், அஞ்சு தாண்டவே கூடாதாம். தூசிலயும் கீரயிலயும் போயி சேர்ந்துகினு கீதாம். வவுத்து வலின்னு துடிப்பா. சோறு துண்றதில்ல. நேத்து படிச்சது இன்னிக்கு மண்டையில நிக்கல. டாக்டரம்மா சொன்னப்பறம்தான் தெரிஞ்சுது, அதனாலதான்னு.”

ராமதாஸின் கண்முன்னால் ஒவ்வொன்றாக வந்தது. சுருண்டு படுத்திருக்கும் ஜெனிஃபர், தொடாத தட்டு, வகுப்பில் எதுவும் தலையில் ஏறுவதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியது.

“ஏன் அண்ணாத்த என்னாண்ட சொல்லல?”

“சொன்னா நீயும் ஒம் பொண்ண இட்டாந்து நிப்ப. எங்களுக்கு வர்றதுல பாதி ஒனுக்குப் போயிடும்னு நெனச்சேன்.”

ராமதாஸ் கையை ஓங்கினான். அவனை அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அதே இடத்தில் தான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்போமா என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்து தொலைத்தது. கையை இறக்கி முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“எம் பொண்ணுக்கும் அப்டியேதான் கீது” என்றான்.

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது. அந்த நெரிசலில் சின்னராசு அவன் பக்கம் குனிந்து, “காலைல வண்டி எடுக்கறேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம். அந்த டாக்டரம்மா போர்டு கீதா இல்லியான்னுலாம் கேக்காது” என்றான்.

காலையில் அவர்கள் கிளம்பும்போதே ஆணையத்தின் ஆட்கள் வந்துவிட்டார்கள். மண்டையோட்டுப் பலகையையும் பச்சைப் பலகையையும் பிடுங்கினார்கள். சுத்திகரிப்பு இயந்திரத்தைக் கழற்றினார்கள். வேலியைச் சுருட்டி ஏற்றினார்கள். நடுவில் ஒரு புதுப் பலகையை நட்டுவைத்து, அதன் எதிரில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ‘மாசற்ற கிராமம்.’ மேட்டிலிருந்து காற்று வீசியது. படம் எடுத்தவர் கேமராக் கண்ணாடியை இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் டாக்டரம்மா ஜெனிஃபரைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஈறைப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். ராமதாஸ் கூட்டத்தில் நடந்ததை எல்லாம் சொல்லி, எங்கள் நிலத்தில் இருப்பது இயற்கைதானாம் என்றான்.

“மண்ணுல இருக்கறதுக்கு என்ன பேர் வச்சாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. பிள்ளை ரத்தத்துல அது இருக்கக் கூடாது. அவ்வளவுதான்” என்றார் அவர்.

சோதனை முடிவை வாங்கப் போன அன்று இரண்டு குடும்பமும் வேனில் வந்திருந்தது. டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். வார்டில் சேர்த்து மருந்து ஏற்ற வேண்டும். கீர்த்தனாவின் மருந்தையும் நிறுத்தக் கூடாது, அதற்கு எந்த ஆணையமும் வேண்டாம், இங்கேயே வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் எத்தனை மருந்து கொடுத்தாலும் மறுபடி அந்தத் தூசிக்கே கொண்டு போனால் பயனில்லை. பிள்ளைகளை அந்த வீட்டைவிட்டு வெளியே கொண்டு போங்கள். ராமதாஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எதையோ கேட்கத் தயங்கி நின்றுவிட்டு, கடைசியில் கேட்காமலே வெளியே வந்தான். காகிதத்தில் இருந்த எண்ணை அவனே பார்த்திருந்தான். சின்னராசு பஸ்ஸில் சொன்னதிலிருந்து கீர்த்தனாவின் எண் அவனுக்கு மனப்பாடம்.

வெளியே மரத்தடியில் ஜெனிஃபரும் கீர்த்தனாவும் அந்தப் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். பிரபாவதி, கடப்பாக்கத்தில் தன் அம்மா வீடு கடலோரம்தான் இருக்கிறது, கீர்த்தனாவோடு ஜெனிஃபரும் வந்து இருக்கட்டும், அங்கேயே பள்ளிக்கூடமும் இருக்கிறது என்று செங்கம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். செங்கம்மாள் சரி சரி என்று கேட்டுக்கொண்டிருந்தவள், புருஷன் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். என்னவோ கேட்க வாயெடுத்தாள். இத்தனை வருஷத்துப் பழக்கம், நாக்கு தானாகப் புரண்டது.

“கீர்த்தனாவ வுட ஜாஸ்தியாய்யா? கம்மியா?”

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஜாஸ்தி” என்றான் ராமதாஸ்.

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான். பிறந்ததிலிருந்து எதிலும் ராமதாஸ் அவனை முந்தியதில்லை.